கம்பி வழியில் தொலையும் எழுத்து
தொடர்வாயிலின் பழுதும் அதனைத் தேடும் முறையும்

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கருவிக்கு எழுத்துகளை அனுப்பும் வழிகள் பல உள. அவற்றுள் மிகப் பழையதும், இன்றளவும் மறையாததும் ஒன்று உண்டு. எழுத்தைக் குறிக்கும் மின்குறிகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக விடும் முறையே அது. அதற்குரிய வாயிலைச் சீரியல் போர்ட் என்பர். தமிழில் தொடர்வாயில் எனலாம். அவ்வாயிலைக் கணினியின் இயங்குதளம் ஆள்வதற்கு உதவும் மென்பொருள் இயக்கி எனப்படும். யூனிக்ஸ் இயங்குதளமும் அதன் வழிவந்த மினிக்ஸ், லினக்ஸ் முதலியனவும் தம் இளமைக் காலத்தில் மிகுதியாக இடர்ப்பட்ட இடங்களுள் இவ்வியக்கி ஒன்றாகும்.

இதனால் தமிழாசிரியர்க்கு ஆவது என்ன என்று சிலர் வினவலாம். பயன் இரண்டு உண்டு. ஒன்று, பழுதின் இருப்பிடத்தைப் படிப்படியாகத் தேடிக் காணும் முறை. மற்றொன்று, அப்பழுதுகளுள் ஒன்று தமிழ் எழுத்தையே குறிவைத்தது போல் அமைந்துள்ளமை.

மலாக்காவிலும் தொடர்பு

இச்செய்தி மலாக்கா மாநிலத்துக்கு அயலானதன்று. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியின் தொடர்வாயிலில் இருந்த 8250 என்னும் சில்லு, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் படைப்பு. அதன் வழிவந்த 16550 என்னும் சில்லும் அந்நிறுவனத்தினதே. மலாக்காவின் பத்து பெரண்டாம் தடையிலா வாணிக வட்டாரத்தில் அந்நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. அந்நிறுவனம் 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியபோது ஆலையும் உடன் மாறியது.

தோட்டப்புறத்திலும் தொடர்வாயில் ஓய்ந்துவிடவில்லை. செம்பனைக் குலைகளை ஏற்றிவரும் லாரி ஆலையின் எடைமேடையில் ஏறி நிற்கிறது. எடையைக் காட்டும் பெட்டியிலிருந்து கணினிக்கு அவ்வெண்ணைக் கொண்டு செல்வது பெரும்பாலும் இத்தொடர்வாயிற் கம்பியே. எழுத்தொன்று தவறினால் சொல் சிதையும். இலக்கமொன்று தவறினால் எடை சிதையும். 12,450 கிலோ என்பதில் இரண்டாம் இலக்கம் வழியில் விழுந்துவிட்டால் எஞ்சுவது 1,450. குலை கொணர்ந்த சிறுதோட்டக்காரருக்கு அவ்வோர் இலக்கத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எழுத்து செல்லும் வழி

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் யூனிக்சைத் தொடங்கியபோது, மனிதன் கணினியோடு பேசுவதற்குத் திரை இல்லை. டெலிடைப் என்னும் தொலைத்தட்டச்சுப் பொறியே பயன்பட்டது. 1963இல் வந்த டெலிடைப் 33 என்னும் பொறி நொடிக்கு 10 எழுத்துகளை அடிக்கும். இன்றும் யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் முனையத்துக்கு டிடிஒய் என்றே பெயர். அது டெலிடைப் என்பதன் சுருக்கம். பொறி மறைந்தது, பெயர் நின்றது.

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே அறியும். அவ்வெண்ணை 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதுவர். அக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். கம்பியில் ஓரெழுத்து செல்லும்போது முதலில் தொடக்கத்தைக் காட்டும் பிட் ஒன்று செல்லும். பின்னர் எழுத்துக்குரிய 7 அல்லது 8 பிட்டுகள் செல்லும். விரும்பினால் சரிபார்ப்புக்காகப் பாரிட்டி என்னும் பிட் ஒன்றைச் சேர்ப்பர். இறுதியில் முடிவைக் காட்டும் பிட் வரும். ஆக, ஓரெழுத்துக்குப் பெரும்பாலும் 10 பிட்டுகள் வேண்டும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும்.

இரு முனைகளுக்கும் இடையே பொதுக் கடிகாரம் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வேகம் எவ்வளவு, எழுத்துக்கு எத்தனை பிட், பாரிட்டி உண்டா இல்லையா என்பவற்றை இரு முனைகளும் முன்னரே ஒப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். கம்பி, சில்லு, இயக்கி, முனைய அமைப்பு, நிரல் என்னும் ஐந்து படிகளை எழுத்து கடக்கிறது. பழுதும் இவ்வைந்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். ஐந்தையும் ஒருசேர மாற்றிப் பார்ப்பவன் பழுதைத் தற்செயலாக நீக்கினாலும் நீக்குவான், அறியமாட்டான். ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்குபவனே அறிவான்.

முதற்படி: கம்பி

ஆர்எஸ்-232 என்னும் நெறி 1960இல் வகுக்கப்பட்டது. அதன்படி கணினிக்கும் மோடத்துக்கும் இடையே ஒரு முனையின் 2ஆம் ஊசி மறுமுனையின் 2ஆம் ஊசியோடு நேராக இணையும். இரு கணினிகளை நேரே இணைப்பதாயின் 2ஆம் ஊசியும் 3ஆம் ஊசியும் குறுக்கே மாறவேண்டும். மாறாவிடில் இருவரும் ஒரே கம்பியில் பேசுவர்; கேட்பவர் எவரும் இரார்.

இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. மறுமுனையைக் கழற்றிவிட்டு 2, 3 ஆகிய இரு ஊசிகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட வேண்டும். தட்டும் எழுத்து அப்படியே திரும்பி வந்தால் சில்லும் இயக்கியும் நலமாக உள்ளன. பழுது கம்பியிலோ மறுமுனையிலோதான் என்பது தெளிவு. ஒரே சோதனையில் வழியின் பாதி ஐயத்தினின்றும் நீங்கிவிடுகிறது.

கம்பி சரியாக இருந்தும் நிரல் வாய்திறவாமல் நிற்பதுண்டு. மோடம் மறுமுனையோடு தொடர்பு பெற்றுவிட்டது என்பதைத் தெரிவிக்கத் தனிக்கம்பி ஒன்று உள்ளது. அக்குறி வரும்வரை வாயிலைத் திறவாமல் காத்திருப்பது யூனிக்ஸ் இயக்கியின் வழக்கம். மோடமே இல்லாத இடத்தில் அக்குறி என்றும் வாராது. நிரலும் என்றும் காத்திருக்கும். அக்குறியைப் பொருட்படுத்தாதே என்று முனைய அமைப்பில் ஆணையிட்டால் தீர்ந்தது. பழைய லினக்சில் ஒரே வாயிலுக்கு இரு பெயர்கள் இருந்தமைக்கும் இதுவே காரணம். ஒன்று வரும் அழைப்புக்குக் காத்திருக்கும் பெயர். மற்றொன்று காத்திராமல் வெளியே அழைக்கும் பெயர்.

இரண்டாம் படி: குறுக்கீடு

எழுத்து வந்ததும் சில்லு கணினியின் மையச் செயலிக்கு மணி அடித்துத் தெரிவிக்கிறது. இதனைக் குறுக்கீடு என்பர். ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் உண்டு. பழைய தனியாள் கணினிகளில் 1ஆம் வாயிலுக்கும் 3ஆம் வாயிலுக்கும் எண் 4. 2ஆம் வாயிலுக்கும் 4ஆம் வாயிலுக்கும் எண் 3. அக்காலப் பலகைகளால் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்ள இயலாது. ஆகவே 1ஆம் வாயிலில் சுட்டெலியையும் 3ஆம் வாயிலில் மோடத்தையும் பூட்டியவர்கள் பெரிதும் அல்லற்பட்டனர். எலியை அசைத்தால் மோடம் நின்றுவிடும்.

இயக்கிக்குச் சொல்லப்பட்ட எண்ணும் பலகையின் எண்ணும் வேறாக இருந்தால் தோன்றும் குறி வியப்பானது. எழுத்துகள் பிழையின்றி வரும். ஆனால் பல நொடிகள் தாழ்த்துக் கொத்துக் கொத்தாக வரும். அடுத்த வகுப்பின் மணி ஒலிக்கக் காத்திருந்து, இடையிடையே தானாக எட்டிப் பார்க்கும் ஆசிரியரைப் போல, இயக்கியும் தன் மணி கேளாமல் அவ்வப்போது மட்டும் சில்லை எட்டிப் பார்க்கிறது என்பதே பொருள். இக்குறியைக் கண்டவுடன் வேகத்தையோ கம்பியையோ மாற்றுதல் வீண். லினக்சில் செட்சீரியல் என்னும் கட்டளையால் இயக்கியின் எண்ணைப் பலகையின் எண்ணோடு ஒப்பச் செய்தலே தீர்வு.

மூன்றாம் படி: தவறும் எழுத்து

8250 சில்லு வந்த எழுத்தில் ஒன்றை மட்டுமே வைத்திருக்கும். இயக்கி அதனை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முந்தியது அழியும். 9,600 பிட் வேகத்தில் இயக்கிக்குக் கிடைக்கும் கால எல்லை ஏறத்தாழ 1 மில்லிநொடி. 1,15,200 பிட் வேகத்தில் அது மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. வட்டிலிருந்து தரவைப் படிக்கும்போது சில இயக்கிகள் பிற மணிகளைச் சிறிது நேரம் அடக்கி வைத்தன. அந்நேரத்தில் வந்த எழுத்துகள் போனவையே.

இதற்கு மருந்து புதியதன்று. யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினிக்குரிய டிஇசட்-11 என்னும் பலகையில் 64 எழுத்துகளைத் தாங்கும் களஞ்சியம் ஒன்று இருந்தது. அதே கருத்தைத் தனியாள் கணினிக்குக் கொணர்ந்தது 16550 சில்லு. அது 16 எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கும். ஆயினும் முதலில் வெளிவந்த 16550இன் வரிசை பழுதுடையதாக இருந்தது. திருத்தப்பட்ட 16550ஏ என்னும் வடிவமே நம்பத்தக்கதாயிற்று. எனவே எழுதப்பட்ட இயக்கிகள் இச்சில்லுகளைப் பிரித்தறிந்து, பழுதுடையதில் வரிசையைப் பயன்படுத்தாமல் விட்டன. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாதல் சொல்லுக்கு மட்டுமன்று, சில்லுக்கும் உண்டு.

சில்லே சொல்லும் சான்று

இவ்வளவு ஐயங்களுக்கிடையே ஒரு நற்செய்தி உண்டு. 8250 முதற்கொண்டு இச்சில்லுகள் தாம் கண்ட பிழைகளைத் தனித்தனியே குறித்து வைக்கின்றன. முடிவுப் பிட் வரவேண்டிய இடத்தில் வாராவிடில் அது சட்டகப் பிழை. வேகம் ஒவ்வாமைக்கு அதுவே பெருஞ்சான்று. இரு முனைகளின் வேகமும் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தால்தான் பத்துப் பிட்டுகளையும் பிழையின்றிப் பிரிக்க முடியும். சரிபார்ப்புப் பிட் ஒவ்வாவிடில் அது பாரிட்டிப் பிழை. எடுப்பதற்குள் எழுத்து அழிந்தால் அது மிகைவரவுப் பிழை. இம்மூன்றின் எண்ணிக்கையையும் லினக்ஸ் இயக்கி தொகுத்துக் காட்டுகிறது. முதலாவது பெருகினால் வேகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது பெருகினால் இரு முனைகளின் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பெருகினால் கணினியின் சுணக்கத்தைப் பார்க்க வேண்டும்.

திரையிலும் வேறுபாடு தெரியும். வேகம் தவறினால் எல்லா எழுத்தும் குப்பையாகும். பாரிட்டி தவறினால் ஏறத்தாழப் பாதி எழுத்துகள் சரியாகவும் பாதி வேறாகவும் வரும். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து ஏ. அதன் எண் 65. அதில் 1 என்னும் குறி இருமுறை வருகிறது. இரட்டைப்படைப் பாரிட்டியில் அதற்கு மேற்பிட் 0, எழுத்து மாறாது. மூன்றாம் எழுத்தாகிய சி என்பதன் எண் 67. அதில் 1 மும்முறை வருகிறது. ஆகவே மேற்பிட் 1 ஆகும். எட்டுப் பிட் எனக் கருதிப் படிப்பவருக்கு அது 195 என்னும் வேறோர் எண்ணாகத் தோன்றும்.

சில்லும் சொல்லாத பிழை

இனி, மேற்சொன்ன மூன்றிலும் அடங்காத இழப்பு ஒன்று உண்டு. இரு முனைகளும் எழுத்துக்கு 7 பிட் என்று ஒப்பிக்கொண்டால், அல்லது வரும் எழுத்தின் 8ஆம் பிட்டை நீக்கிவிடு என்று முனைய அமைப்பில் இருந்தால், எவ்வகைப் பிழையும் பதிவாகாது. கம்பி நலம், வேகம் நலம், எண்ணிக்கை மூன்றும் சுழியம். ஆங்கிலம் குறைவின்றிச் செல்லும். ஏனெனில் ஆங்கில எழுத்துகளின் எண்கள் யாவும் 128க்குக் கீழ்ப்பட்டவை. 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி நெறிக்கு 7 பிட்டே போதுமானது. மீந்த ஒரு பிட்டைப் பாரிட்டிக்கு விட்டுவைத்தனர்.

தமிழுக்கோ அந்த 8ஆம் பிட்டே உயிர்நாடி. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. யூனிக்ஸ் தந்த கென் தாம்சனே ராப் பைக் என்பாருடன் சேர்ந்து 1992இல் யுடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையை வகுத்தார். அம்முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று எண்களாகக் கம்பியில் செல்லும். மூன்றும் 128க்கு மேற்பட்டவை. 8ஆம் பிட்டை நீக்குவது என்பது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 128ஐக் கழிப்பதாகும்.

கழித்துப் பார்ப்போம். 'த' என்பது 224, 174, 164. கழித்தபின் 96, 46, 36. இவை ஆஸ்கியில் மேற்கோட் குறி, முற்றுப்புள்ளி, டாலர் குறி ஆகியன. 'தமிழ்' என்னும் சொல் முழுவதும் `.$`..`.?`.4`/ என்று வந்து சேரும். சொல்லின் இறுதியில் நிற்கும் புள்ளியின் கடைசி எண் மட்டும் இதில் தோன்றாது. ஏன் என்பதே வியப்பு.

ஆஸ்கியில் 32க்குக் கீழ்ப்பட்ட எண்கள் எழுத்துகள் அல்ல, ஆணைகள். மெய்யெழுத்தின் மேற்புள்ளி 224, 175, 141. கழித்தால் இறுதியில் நிற்பது 13. அது வரி முடிந்தது என்னும் ஆணை. 'க' 224, 174, 149. இறுதி எண் 21 ஆகிறது. இன்றைய யூனிக்ஸ் வழி முனையங்களின் வழக்கமான அமைப்பில், அதுவரை தட்டிய வரி முழுவதையும் அழி என்பது அதன் பொருள். 'ச' என்பதன் இறுதி எண் 26. ஓடும் நிரலை இடைநிறுத்து என்னும் ஆணை. ஆய்த எழுத்தின் இறுதி எண் 3. நிரலை முறித்துவிடு என்னும் ஆணை. 'ஓ' என்பதன் இறுதி எண் 19. அனுப்புவதை நிறுத்து என்னும் ஆணை. நின்ற ஓட்டத்தை மீண்டும் தொடங்கும் ஆணை 17. அவ்வாணையைத் தரத்தக்க இடத்தில் யூனிகோடு தமிழ் எழுத்து எதனையும் வைக்கவில்லை. ஆகவே 'ஓ' ஒன்று வந்து கம்பியை நிறுத்திவிட்டால், அத்தொடக்க ஆணையைத் தமிழெழுத்து எதுவும் தராது.

மெய்க்குப் புள்ளி இடும் வழக்கைத் தொல்காப்பியம் உரைக்கும். ஆய்தத்தைச் சார்பெழுத்தாக எண்ணும். அப்புள்ளி வரியை முடிப்பதும் அவ்வாய்தம் நிரலை முறிப்பதும் யாரும் கருதிச் செய்தவை அல்ல. ஆங்கிலம் ஒன்றையே மனத்திற்கொண்டு செய்த ஓர் ஒப்பந்தத்தின் விளைவு அது. ஆங்கிலத்துக்கும் இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. தொடக்கக் கால யூனிக்சில் வரியை அழிக்கும் ஆணை '@' என்னும் குறியாக இருந்தது. மின்னஞ்சல் முகவரி பரவியபின் அக்குறியைத் தட்டுவோர் வரியை இழந்தனர். எனவே அவ்வாணை வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

நடந்தது என்ன?

1980களில் மலேசியாவிலும் இந்தியாவிலும் கணினி வலைகள் தொலைபேசிக் கம்பியையும் மோடத்தையும் துணைக்கொண்டே தொடங்கின. 1985இல் அமைந்த மிமோஸ் நிறுவனம் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ரங்கோம் என்னும் வலையால் மலேசியப் பல்கலைக்கழகங்களை இணைத்தது. இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐஐடியும் ஓர் உறுப்பு. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறியும் 7 பிட்டையே உறுதி செய்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்னும் மென்பொருளால் தமிழைக் கணினித் திரையில் எழுத வழி செய்திருந்தார். ஆயினும் திரையில் எழுதுவது வேறு, கம்பியில் அனுப்புவது வேறு. 1990களின் முற்பகுதியில் வலையில் உரையாடிய தமிழர் பலர் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதினர். எழுத்துரு இன்மை ஒரு காரணம். 8ஆம் பிட்டை நம்ப இயலாமை மற்றொரு காரணம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு தாப், தாம் என்னும் 8 பிட் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அதற்குள் கம்பிகளும் அஞ்சல் நெறிகளும் 8 பிட்டைப் பெரும்பாலும் ஏற்றிருந்தன. இன்று யுடிஎஃப்-8 எங்கும் வழங்குகிறது. ஆயினும் எடைமேடைப் பெட்டி, பழைய அச்சுப்பொறி போன்ற கருவிகள் பல 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி என்னும் பழைய அமைப்பிலேயே ஆலையிலிருந்து வருகின்றன. அவற்றில் எண் சரியாக வரும். தோட்டத்தின் பெயரைத் தமிழில் அச்சிட முயன்றால் மேலே கண்ட விளைவே நேரும்.

தேடும் ஒழுங்கு

தொகுத்துக் கூறுவோம். எழுத்தே வரவில்லையேல் கம்பியையும் தொடர்புக் குறியையும் பார்க்க. சரியான எழுத்து தாழ்த்து வந்தால் குறுக்கீட்டு எண்ணைப் பார்க்க. எல்லாம் குப்பையானால் வேகத்தைப் பார்க்க. இடையிடையே எழுத்து விழுந்தால் மிகைவரவின் எண்ணிக்கையைப் பார்க்க. பாதி சரியும் பாதி பிழையுமானால் பாரிட்டியைப் பார்க்க. ஆங்கிலம் சரியாகவும் தமிழ் சிதைந்தும் வந்தால் 8ஆம் பிட்டைப் பார்க்க. எஸ்டிடிஒய் என்னும் கட்டளை யூனிக்ஸ் வழி இயங்குதளங்கள் அனைத்திலும் இவ்வமைப்பைக் காட்டும், மாற்றவும் உதவும்.

முன்னைய ஐந்திலும் ஏதோ ஒன்று தன் கடமையில் தவறியிருக்கிறது. இறுதியதிலோ எதுவும் தவறவில்லை. கம்பி, சில்லு, இயக்கி, அமைப்பு யாவும் தமக்குச் சொல்லப்பட்டதைச் செவ்வனே செய்தன. தமிழ் மட்டும் தொலைந்தது. பழுது கருவியில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. ஆதலின், பிழை எதுவும் பதிவாகவில்லை என்பதனால் எழுத்து முழுமையாகச் சென்றது என முடிவு செய்தல் பொருந்தாது. ஒரு தமிழ்ச் சொல்லை அனுப்பிப் பார்த்து, அது திருந்திய வடிவில் வந்து சேர்ந்ததைக் கண்ட பின்னரே அவ்வழி தமிழுக்கும் உரிய வழி எனக் கொள்ளுதல் தகும். அச்சோதனைக்குப் புள்ளியும் ஆய்தமும் 'ஓ'வும் அடங்கிய சொற்களைத் தேர்ந்துகொள்ளல் நன்று.